மூன்றாம் கட்சி எம்.எல்.ஏ. எத்தனை நாள் தாங்குவார்?

கேள்வி இது: அமெரிக்காவில் ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி இரண்டையும் சேராத ஒருவர் மாநிலச் சட்டமன்றத்துக்குப் போக முடியுமா? போனால் அங்கே அவரை யார் மதிப்பார்கள், எத்தனை நாள் ஓட்டுவார்?

போக முடியும். போனவர்கள் இருக்கிறார்கள். ஐம்பது மாநிலங்களிலும் சேர்த்து ஏறக்குறைய 7,400 சட்டமன்ற உறுப்பினர்கள் இருக்கிற நாடு அது. அதில் இவர்கள் உப்புக்குச் சப்பாணி அளவுதான். ஆனால் உங்கள் கேள்வியின் பின்பாதிதான் சுவாரசியமானது. உள்ளே போவது சில சமயம் விபத்து மாதிரி நடந்துவிடுகிறது. தங்குவதற்கு விபத்து போதாது. யார் தங்கினார், யார் தங்கவில்லை என்று பார்த்தால் கொள்கை, நேர்மை, பேச்சுத் திறமை எல்லாம் இரண்டாம் பட்சமாகி, அந்த மாநிலத்தின் தேர்தல் சட்டத்தில் இருக்கும் நாலைந்து வரிகள் முன்னால் வந்து நிற்கின்றன. இதை நாலைந்து பேருடைய கதையை வைத்துச் சொல்கிறேன். அதில் ஒருவருடைய கதை கொஞ்சம் நீளும். எனக்குப் பிடித்த கதை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் தன்வரலாற்றை ஆங்கிலத்தில் படித்தவர்கள் மொழிபெயர்ப்பாளர் பெயரைக் கவனித்திருக்கலாம்: ஆடி பாக். (நம் ஆடி மாதத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. பெயரை அப்படித்தான் சொல்கிறார்கள்.) ஜப்பானிய இயக்குநர்களைப் பற்றி 1978லேயே புத்தகம் எழுதியவர், சினிமா சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை. இந்த அம்மையார்தான் 1999இல், அமெரிக்க வரலாற்றிலேயே ஒரு மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பசுமைக் கட்சி (சுற்றுச்சூழலை முன்னிறுத்தும் இடதுசாரிச் சிறு கட்சி) உறுப்பினர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று தெரிந்தபோது நான் கொஞ்ச நேரம் நம்பவில்லை.

நடந்தது இதுதான். கலிபோர்னியாவில் ஓக்லாந்து பகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் ரான் டெலம்ஸ் 1998 தொடக்கத்தில் பதவி விலகினார். ஒரு நாற்காலி காலியானால் அதன் பின்னால் வரிசையாக நாலு நாற்காலி நகரும் என்பது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். டெலம்ஸ் இடத்துக்கு மாநில மேலவையிலிருந்து பார்பரா லீ போனார். லீ இடத்துக்குக் கீழவையிலிருந்து டான் பெராட்டா போனார். பெராட்டா விட்டுப்போன 16ஆம் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தது. ஓக்லாந்தின் ஒரு பகுதி, எதிரே தீவாக இருக்கும் அலமீடா நகரம், நாலா பக்கமும் ஓக்லாந்தால் சூழப்பட்ட பணக்காரச் சிற்றூர் பீட்மாண்ட், எல்லாம் சேர்ந்த தொகுதி அது. ஜனநாயகக் கட்சியின் கோட்டை. அவர்கள் ஒரு விளக்குக் கம்பத்தை நிறுத்தினாலும் ஜெயிக்கும் இடம் என்பார்களே, அது.

விளக்குக் கம்பத்தை அவர்கள் நிறுத்தவில்லை, எலிஹு ஹாரிஸை நிறுத்தினார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் அதே சட்டமன்றத்தில் இருந்தவர், பிறகு எட்டு ஆண்டுகள் ஓக்லாந்து மேயர். அப்போதுதான் மேயர் நாற்காலியை ஜெரி பிரவுனிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். பணம், தொழிற்சங்கம், கட்சித் தலைமை எல்லாம் அவர் பின்னால்.

இனி அந்தச் சட்டப் புத்தக வரிக்கு வருகிறேன். அப்போதைய கலிபோர்னியா இடைத்தேர்தலில் எல்லாக் கட்சி வேட்பாளர்களும் முதல் சுற்றில் ஒரே வாக்குச்சீட்டில் இருப்பார்கள். ஒருவர் பாதிக்கு மேல் வாங்கினால் அத்தோடு முடிந்தது. இல்லையென்றால் இரண்டாம் சுற்று. ஆனால் அந்த இரண்டாம் சுற்றுக்கு முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் போக மாட்டார்கள். ஒவ்வொரு கட்சியிலும் அதிக வாக்கு வாங்கிய ஒருவர் போவார். பிப்ரவரி 2ஆம் தேதி முதல் சுற்றில் ஹாரிஸ் 49 சதவீதத்தை ஒட்டி வந்து நூலிழையில் தவறவிட்டார். இரண்டாவதாக வந்த ஃபிராங்க் ருஸ்ஸோவும் ஜனநாயகக் கட்சிக்காரர், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாங்கியிருந்தார். ஆனால் அதே கட்சி என்பதால் அவர் வெளியே. குடியரசுக் கட்சி அந்தத் தொகுதியில் ஆள் நிறுத்தவே இல்லை. ஆக, 9 சதவீதம்கூட எட்டாமல் மூன்றாவதாக வந்த ஆடி பாக், பசுமைக் கட்சியின் முதல் ஆள் என்ற ஒரே தகுதியில் ஹாரிஸோடு நேருக்கு நேர் நின்றார்.

இடையில் ஒரு கோழிக்கறி விவகாரம் வேறு. ஹாரிஸ் தரப்புக்காக, ஓட்டுப் போட்டதற்கான துண்டுச் சீட்டைக் கொண்டுவந்து காட்டினால் கோழிச் சாப்பாடு இலவசம் என்று கூப்பன் போனது. அதுவும் கறுப்பின மக்கள் நிறைய வாழும் பகுதிகளுக்கு. நமக்கு உடனே பிரியாணிப் பொட்டலம் நினைவுக்கு வரும், சிரித்துவிட்டுப் போய்விடுவோம். அங்கே அது சிரிக்கிற விஷயமாக இல்லை. கறுப்பினத்தவரையும் கோழிக்கறியையும் சேர்த்துக் கேலி பேசுவது அந்த நாட்டில் ஒரு பழைய அவமானம். ஹாரிஸே கறுப்பினத் தலைவர் என்பதால் அது இன்னும் மோசமாகத் தெரிந்தது. உங்களை ஒரு பொட்டலத்துக்கு வாங்கிவிடலாம் என்று நினைக்கிறார்கள் என்று சொல்ல எதிர்த்தரப்புக்குத் தனியாக ஒரு துண்டறிக்கைகூடத் தேவைப்படவில்லை.

மார்ச் 30ஆம் தேதி இரண்டாம் சுற்று. வெயில் காலமும் இல்லை, பெரிய தேர்தலும் இல்லை, வாக்குச்சாவடிக்கு வந்தவர்கள் மிகக் குறைவு. ஹாரிஸுக்கு வெற்றி நிச்சயம் என்று அவருடைய ஆட்கள் பலர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். ருஸ்ஸோவுக்குப் போட்டவர்கள் கோபத்தில் பாக் பக்கம் சாய்ந்தார்கள். பீட்மாண்ட் மேட்டில் வாழும் குடியரசுக் கட்சி வாக்காளர்களுக்குத் தங்கள் கட்சி ஆளே இல்லை. ஜனநாயகக் கட்சிக்கு எதிராகக் குத்த ஒரு பெயர் கிடைத்தால் போதும் என்று குத்தினார்கள். அவர்கள் பசுமைக் கட்சிக் கொள்கையைப் படித்திருந்தால் கை நடுங்கியிருக்கும். 327 வாக்கு வித்தியாசத்தில் ஆடி பாக் வென்றார்.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வென்றது யாருடைய வாக்கில்? பசுமைக் கட்சியின் சொந்த வாக்கு பிப்ரவரியில் தெரிந்துவிட்டது. மீதி எல்லாம் கோபம், அலட்சியம், ஆள் இல்லாத கட்சியின் கடன் வாக்கு. கடன் வாக்கை அடுத்த தேர்தலில் கொடுத்தவர்கள் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். இது பாக்குக்கும் தெரிந்தே இருந்திருக்கும்.

உள்ளே போன பிறகு நிலைமை எப்படி? கலிபோர்னியா கீழவையில் 80 பேர். ஜனநாயகக் கட்சிக்கு அப்போது அசையாத பெரும்பான்மை, சபாநாயகர் அந்தோனியோ வில்லாரைகோசா. அமெரிக்கச் சபாநாயகர் நம் சபாநாயகர் மாதிரி மணியடித்து அமைதி கேட்பவர் மட்டும் இல்லை. அவர்தான் பெரும்பான்மைக் கட்சியின் சட்டமன்றத் தலைவர். யார் எந்தக் குழுவில் உட்கார வேண்டும், யாருக்கு எத்தனை உதவியாளர், யாருக்கு எந்த அறை என்பது வரை அவர் கையில். சாக்ரமெண்டோ தலைமைச் செயலகத்தில் இருக்கும் மிகச் சின்ன அறைக்கு ‘நாய்க்கூண்டு’ என்றே பட்டப்பெயர். சபாநாயகரைப் பகைத்துக்கொண்ட உறுப்பினருக்கு அந்த அறை ஒதுக்கப்படும். சொந்தக் கட்சிக்காரருக்கே இந்தக் கதி என்றால், கட்சியே இல்லாத தனி ஆளுக்கு எதுவுமே உரிமையாக வராது, தயவாகத்தான் வரும்.

இதற்கு மேல், மசோதா விவாதம் அவையில் நடப்பதாகத் தெரிந்தாலும் முடிவு அதற்கு முன்பே கட்சி உறுப்பினர்களின் மூடிய கூட்டத்தில் ஆகிவிடும். அந்த அறைக் கதவுக்கு உள்ளே ஜனநாயகக் கட்சிக்காரர்கள், இன்னொரு கதவுக்கு உள்ளே குடியரசுக் கட்சிக்காரர்கள். பசுமைக் கட்சியின் சட்டமன்றக் கூட்டம் நடத்த வேண்டுமென்றால் ஆடி பாக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான்.

அதே ஆண்டு அக்டோபரில், தேர்ந்தெடுக்கப்பட்டு ஏழு மாதம் ஆவதற்குள், அவர் பசுமைக் கட்சியிலிருந்து விலகி எந்தக் கட்சியும் சாராதவராகப் பதிந்துகொண்டார். நம் ஊராக இருந்தால் 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி பதவியே போயிருக்கும். அங்கே அப்படி ஒரு சட்டம் கிடையாது, நாற்காலி அப்படியே இருந்தது. காரணம் கொள்கைச் சண்டை இல்லை, மறுபடியும் ஒரு தேர்தல் விதி. கட்சி வேட்பாளராக நின்றால் 2000 மார்ச் மாதத்தில் பிரைமரி (ஒவ்வொரு கட்சிக்கும் வேட்பாளர் யார் என்று வாக்காளர்களே முடிவு செய்யும் முன்தேர்தல்), பிறகு நவம்பரில் பொதுத்தேர்தல் என்று இரண்டு தடவை மோத வேண்டும். அப்போது கலிபோர்னியா பிரைமரியில் யார் வேண்டுமானாலும் எந்தக் கட்சி வேட்பாளருக்கும் ஓட்டுப் போடலாம் என்பதால், மார்ச்சிலேயே அவருடைய பலவீனம் எண்ணிக்கையில் அம்பலமாகிவிடும். சுயேச்சைக்குப் பிரைமரி கிடையாது, நேராக நவம்பர்.

கணக்கு சரிதான். ஆனால் கணக்கு போட்டவர் ஒன்றை விட்டுவிட்டார் என்று நான் நினைக்கிறேன். அவரிடம் இருந்த ஒரே சொத்து ‘முதல் பசுமைக் கட்சி உறுப்பினர்’ என்ற பெயர்தான். தொண்டர்கள், நாடு முழுவதும் இருந்து வந்த சின்னச் சின்ன நன்கொடை, பத்திரிகைக் கவனம் எல்லாம் அந்தப் பெயருக்கு வந்தவை. அதை விட்டுக்கொடுத்து வாங்கியது எட்டு மாத அவகாசம் மட்டும். 2000 நவம்பரில் பசுமைக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ரால்ஃப் நேடர் நாடு முழுவதும் 28 லட்சத்துக்கு மேல் வாக்கு வாங்கினார். அந்தக் கட்சியின் பெயர் அமெரிக்காவில் அவ்வளவு உரக்கக் கேட்ட ஆண்டு வேறில்லை. அந்த ஆண்டு வாக்குச்சீட்டில் ஆடி பாக் பெயருக்குப் பக்கத்தில் அந்தக் கட்சி இல்லை. ஜனநாயகக் கட்சியின் வில்மா சான் அவரை எளிதாகத் தோற்கடித்தார். மொத்தம் இருபது மாதம். பிற்பாடு அவர் ஜனநாயகக் கட்சியிலேயே பதிந்துகொண்டு, 2003இல் கலிபோர்னியா ஆளுநரைத் திரும்ப அழைக்கும் தேர்தலில் நின்ற 135 பேரில் ஒருவராக வாக்குச்சீட்டில் வந்தார். அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் ஜெயித்தாரே, அந்தத் தேர்தல்.

ஆர்கன்சாவிலும் இதே மாதிரி ஒரு விபத்து. 2008இல் வடக்கு லிட்டில் ராக் தொகுதியில் ஜனநாயகக் கட்சி தன் வேட்பாளரைக் கைவிட்ட நிலையில், பசுமைக் கட்சியின் ரிச்சர்ட் கேரல் என்ற ரயில்வே பாய்லர் தொழிலாளி பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். அடுத்த ஆண்டே ஜனநாயகக் கட்சிக்குப் போய்விட்டார். துரோகம் என்று திட்டுவது எளிது. நூறு பேர் கொண்ட அவையில் கூட்டத்துக்குக் கூப்பிட ஒரு ஆள் இல்லாமல் இருந்து பார்த்தால்தான் அந்த அவஸ்தை தெரியும்.

விபத்து இல்லாமல், உண்மையிலேயே சொந்த பலத்தில் போனவர் மெய்ன் மாநிலத்தின் ஜான் ஈடர். போர்ட்லாந்து நகரத்தின் மேற்குப் பகுதியில் 2002 பொதுத்தேர்தலில் பசுமைக் கட்சி சார்பில் வென்றார். மெய்னில் 151 பேர் கொண்ட கீழவை; தொகுதிகள் சின்னவை, வீடு வீடாக ஏறி இறங்கினாலே பாதித் தொகுதியைப் பார்த்துவிடலாம். அதோடு அங்கே குறிப்பிட்ட எண்ணிக்கை வாக்காளர்களிடம் ஆளுக்கு ஐந்து டாலர் வசூலித்துக் காட்டினால் பிரச்சாரச் செலவுக்கு அரசே பணம் கொடுக்கும் திட்டமும் வந்திருந்தது. மூன்றாம் கட்சிக்கு இதைவிட நல்ல மண் கிடைக்காது. அப்படியும் அடுத்த ஆண்டு தொகுதி மறுவரையறை வந்தபோது கோடு அவர் வீட்டுக்குக் குறுக்கே விழுந்தது. ஈடர் என்ன செய்தார் தெரியுமா? வீட்டை மாற்றினார். புதுத் தொகுதிக்குக் குடிபோய், அங்கே ஏற்கெனவே பதவியில் இருந்த ஜனநாயகக் கட்சி உறுப்பினரை 2004இல் தோற்கடித்தார். 2006இல் அதே கட்சி ஜான் ஹிங்க் என்பவரை நிறுத்தியது. ஹிங்க் சாதாரண ஆள் இல்லை, சுற்றுச்சூழல் போராட்டங்களில் பழம் தின்று கொட்டை போட்டவர். பசுமையைப் பசுமையால் வெட்டினார்கள். ஈடரின் கதை நான்கு ஆண்டில் முடிந்தது.

பெரிய கட்சிகள் மூன்றாம் கட்சியை ஒழிக்கும் முறையே இதுதான். திட்டி ஒழிப்பதில்லை. அதன் கோரிக்கையில் விற்கக்கூடியதை எடுத்துத் தன் கடையில் வைத்துவிடும். இதற்கு இன்னும் தெளிவான உதாரணம் இடதுபக்கம் இல்லை, எதிர்ப்பக்கம், அலாஸ்காவில் இருக்கிறது.

டிக் ராண்டால்ஃப் ஃபேர்பேங்க்ஸ் நகரத்தில் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். 1970களின் தொடக்கத்தில் குடியரசுக் கட்சி சார்பில் சட்டமன்றத்தில் இருந்தார். பிறகு வரியே கூடாது, அரசாங்கம் சின்னதாக இருக்க வேண்டும் என்று சொல்லும் லிபர்டேரியன் கட்சிக்கு மாறி 1978இல் நின்று ஜெயித்தார். அந்தக் கட்சிக்கு எந்த மாநிலச் சட்டமன்றத்திலும் கிடைத்த முதல் இடம் அது. அப்போது ஃபேர்பேங்க்ஸில் ஒரே தொகுதியிலிருந்து பல உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை. முதலிடம் வர வேண்டியதில்லை, முதல் வரிசையில் இடம் பிடித்தால் போதும். வாக்காளரும் தன் வாக்குகளில் ஒன்றை ‘இவருக்கும் கொடுத்துப் பார்ப்போமே’ என்று கொடுக்கலாம். வாக்கு வீணாகிறது என்ற பயம் பாதி போய்விடுகிறது. 1980இல் ராண்டால்ஃபோடு கென் ஃபேனிங் என்ற இன்னொருவரும் வந்து சேர, நாற்பது பேர் அவையில் லிபர்டேரியன்கள் இரண்டு பேர் ஆனார்கள்.

நாற்பதில் இரண்டு என்பது எண்பதில் ஒன்று மாதிரி இல்லை. 1981 ஜூனில், கூட்டத்தொடர் நடந்துகொண்டிருக்கும்போதே சபாநாயகர் ஜிம் டங்கனை இறக்கிவிட்டு ஜோ ஹேஸை ஏற்றினார்கள். குடியரசுக் கட்சிக்காரர்கள், சில ஜனநாயகக் கட்சிக்காரர்கள், இந்த இரண்டு லிபர்டேரியன்கள் சேர்ந்த கூட்டணி அது. தலைநகர் ஜூனோவுக்குச் சாலை கிடையாது, விமானத்திலோ கப்பலிலோதான் போக வேண்டும். அப்படி ஓர் ஊரில் அடைபட்டு மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தால் இந்த மாதிரி யோசனைகள் வரத்தான் செய்யும்.

ஆனால் ராண்டால்ஃபின் பெயர் நிற்பது இதற்காக இல்லை, மாநில வருமான வரிக்காக. 1977இல் எண்ணெய்க் குழாய் ஓட ஆரம்பித்து அலாஸ்கா கஜானாவில் பணம் கொட்டியது. எண்ணெய்ப் பணம் இருக்கும்போது மக்களிடம் வருமான வரி எதற்கு என்று கேட்டு, அதை ஒழிக்க நேரடி வாக்கெடுப்பு கோரும் மனுவை முன்னின்று நடத்தியவர் ராண்டால்ஃப். வாக்கெடுப்பு வந்தால் வரி போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும். அப்படிப் போனால் பெயர் லிபர்டேரியனுக்கு. ஆகவே சட்டமன்றமே முந்திக்கொண்டு 1980இல் வரியை ஒழித்தது. ஆளுநர் ஜே ஹாமண்ட் மனமில்லாமல் கையெழுத்துப் போட்டார், பிற்காலத்தில் அதற்காக வருத்தப்பட்டார். இன்றுவரை அலாஸ்காவில் மாநிலத் தனிநபர் வருமான வரி இல்லை. எண்ணெய் விலை இறங்கும்போதெல்லாம் அதே விவாதம் திரும்ப வருகிறது.

கோரிக்கை ஜெயித்தது, கோரிக்கை வைத்த கட்சிக்கு வேலை இல்லாமல் போனது. ராண்டால்ஃப் 1982இல் ஆளுநர் பதவிக்கு நின்று 15 சதவீதத்தை ஒட்டி வாங்கினார். மூன்றாம் கட்சிக்கு அது பிரமாதமான எண், ஆனால் நாற்காலி வாங்காது. 1984இல் ஆண்ட்ரே மாரு என்பவர் ஹோமர் பகுதியிலிருந்து லிபர்டேரியனாக வென்று, 1986இல் தோற்று, 1992இல் அதே கட்சியின் அதிபர் வேட்பாளரானார். மாநிலச் சட்டமன்றத்தில் ஒரே ஒரு தடவை இருந்தவர் அதிபர் வேட்பாளர் ஆவது மூன்றாம் கட்சியில்தான் நடக்கும். மேலே ஏற நடுவில் படிகளே இல்லை அல்லவா?

படிகள் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வெர்மாண்ட்.

1981இல் இடதுசாரியான பெர்னி சாண்டர்ஸ் பர்லிங்டன் நகர மேயராகப் பத்து வாக்கு வித்தியாசத்தில் வந்தார். அவரைச் சுற்றிச் சேர்ந்த கூட்டம் நகரசபையில் இடம் பிடித்தது, 1990இல் அங்கிருந்து டெரி புரிஷியஸ் மாநிலக் கீழவைக்குப் போனார், அந்தக் கூட்டம் பிற்பாடு புரோகிரசிவ் கட்சி ஆனது. முதலில் வார்டு, பிறகு நகரம், பிறகு மாநிலம். ஆகாயத்திலிருந்து யாரும் குதிக்கவில்லை. வெர்மாண்ட் கீழவையில் 150 பேர், ஓர் உறுப்பினருக்குச் சுமார் நாலாயிரத்துச் சொச்சம் மக்கள். பல தொகுதிகளில் இரண்டு உறுப்பினர்கள். வாக்காளர் பதிவில் கட்சி என்ற பத்தியே கிடையாது, பிரைமரியில் எந்தக் கட்சிச் சீட்டை வேண்டுமானாலும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இந்த மண்ணில் முளைத்தவர் டேவிட் ஜுக்கர்மன். வெர்மாண்ட் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது சாண்டர்ஸ் பேச்சைக் கேட்டு அரசியலுக்கு வந்தவர். 1994இல் நின்று சொற்ப வாக்கில் தோற்றார், 1996இல் ஜெயித்தார். தொழில் விவசாயம், ரசாயனம் இல்லாத காய்கறி, கோழி, பன்றி வளர்ப்பு. பின்னால் முடிந்த குடுமியோடு சட்டமன்றத்துக்கு வருவார். வெர்மாண்ட் சட்டமன்றம் ஜனவரியில் கூடி பெரும்பாலும் மே மாதத்தோடு கலைந்துவிடும். அதன் பிறகு நாற்று நட வேண்டியதுதான். விவசாயி ஒருவர் சட்டமன்ற உறுப்பினராகவும் இருக்க அந்த நாட்காட்டிதான் இடம் கொடுத்தது. ஆண்டு முழுக்க நடக்கும் அவை என்றால் ஒன்று பண்ணை போயிருக்கும், இல்லை பதவி போயிருக்கும்.

இவருக்குக் கிடைத்ததும் ஆடி பாக்குக்குக் கிடைத்ததும் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். ஜனநாயகக் கட்சிக்குப் பெரும்பான்மை இருந்த அவையில், 2005 முதல் நான்கு ஆண்டுகள், கீழவை விவசாயக் குழுவின் தலைவர் ஜுக்கர்மன். தனி ஆள் இல்லை, பின்னால் ஐந்தாறு பேர் கொண்ட ஒரு கட்சி இருந்தது. நெருக்கடி நேரத்தில் அந்த ஐந்தாறு வாக்கு வேண்டும். 2009 ஏப்ரலில் ஒருபாலினத் திருமணச் சட்டத்தை ஆளுநர் நிராகரித்தபோது, அதை மீறி நிறைவேற்றக் கீழவையில் 100 வாக்கு தேவைப்பட்டது, விழுந்தது மிகச் சரியாக 100. அதில் ஒன்று ஜுக்கர்மனுடையது.

பண்ணையை ஹைன்ஸ்பர்க்குக்கு மாற்றியதால் பர்லிங்டன் தொகுதியை விட்டார். 2012இல் மேலவைக்கு நின்றார். அங்கேதான் இன்னொரு சட்டப் புத்தக வரி உதவியது: ஒரே வேட்பாளரை இரண்டு கட்சிகள் தங்கள் வேட்பாளராக அறிவிக்கலாம். நம் கூட்டணிக்குக் கொஞ்சம் சொந்தம் மாதிரி. ஆனால் தொகுதிப் பங்கீடு கிடையாது, ஒரே ஆள் இரண்டு கொடியையும் பிடித்துக்கொள்வார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கா முழுவதும் இருந்த வழக்கம் இது. பிறகு பெரும்பாலான மாநிலங்கள் தடை செய்தன, அந்தத் தடை செல்லும் என்று 1997இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. வெர்மாண்ட் தடை செய்யவில்லை. நியூ ஹாம்ப்ஷயரில் கீழவைக்கு 400 பேர், சம்பளம் ஆண்டுக்கு 100 டாலர். யார் வேண்டுமானாலும் புகுந்துவிடலாம் போல இருக்கும். அங்கேகூட 1990களின் தொடக்கத்தில் நாலு லிபர்டேரியன்கள் உள்ளே போனது குடியரசுக் கட்சியின் பெயரையும் சேர்த்துப் போட்டுக்கொண்டுதான்.

வெர்மாண்டில் இரட்டைக் கொடிக்காரர்களுக்கு நடுவிலும் ஒரு சாதிப் பிரிவு உண்டு. பெயருக்குப் பக்கத்தில் முதலில் புரோகிரசிவ், சாய்கோடு, பிறகு ஜனநாயகக் கட்சி என்று இருந்தால் ஒரு ரகம். மாற்றி இருந்தால் இன்னொரு ரகம். ஜுக்கர்மன் முதல் ரகம். மேலவை உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த தலைவராக இருந்த டிம் ஆஷ் இரண்டாம் ரகம். வெளியாளுக்கு அது அச்சுப் பிழை மாதிரித் தெரியும். உள்ளூரில் ஓர் ஆளைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும்போதே அந்தச் சாய்கோட்டின் எந்தப் பக்கம் எது என்று பார்த்துவிட்டுத்தான் பேசுவார்கள்.

மேலவையில் அவர் முன்னின்று நடத்தியது மரபணு மாற்றிய உணவுக்கு லேபிள் ஒட்டும் சட்டம். 2014இல் கையெழுத்தானது, 2016 ஜூலை 1 முதல் அமல். அதே மாதம் 29ஆம் தேதி மத்திய அரசு வேறொரு சட்டம் போட்டு மாநிலச் சட்டங்களைச் செல்லாமல் ஆக்கியது. நாலு வாரம் வாழ்ந்த சட்டம். ஆனால் ஒரு குட்டி மாநிலத்துக்கு மட்டும் தனியாக அட்டை அச்சடிக்க முடியாமல் பெரிய உணவு நிறுவனங்கள் நாடு முழுவதற்கும் லேபிளை மாற்றத் தொடங்கியிருந்தன.

அதே 2016 ஆகஸ்டில் துணை ஆளுநர் பதவிக்கு ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் புகுந்து, அந்தக் கட்சியின் கீழவைச் சபாநாயகராக இருந்த ஷாப் ஸ்மித்தையும், இந்திய வம்சாவளியைச் சேர்ந்த கேஷா ராமையும் தோற்கடித்தார். புரோகிரசிவ் பிரைமரியில் அவருடைய ஆதரவாளர்கள் அவர் பெயரைக் கையால் எழுதிப் போட்டார்கள். நவம்பரில் வென்று, எந்த மேலவையில் உறுப்பினராக இருந்தாரோ அதற்கே தலைமை தாங்க உட்கார்ந்தார். 2020இல் ஆளுநர் பதவிக்கு நின்று ஃபில் ஸ்காட்டிடம் தோற்றார், 2022இல் மறுபடியும் துணை ஆளுநர். மாணவப் பருவத்தில் தொடங்கியதிலிருந்து கணக்கிட்டால் இருபத்தைந்து ஆண்டுக்கு மேல். மூன்றாம் கட்சிக்காரரில் இந்த நீளத்துக்கு எனக்குத் தெரிந்து இணை சொல்வது கடினம். சுத்தமான மூன்றாம் கட்சி இல்லை, பாதி ஜனநாயகக் கட்சிதானே என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். அந்தப் பாதிதான் அவரைத் தாங்கியது.

அவரும் கடைசியில் விழுந்தார். 2024இல் வெர்மாண்டில் சொத்து வரி சராசரியாகப் பதினான்கு சதவீதத்தை ஒட்டி ஏறியது, மக்கள் கொதித்தார்கள். குடியரசுக் கட்சி நிறுத்திய ஜான் ரோட்ஜர்ஸ் முன்பு ஜனநாயகக் கட்சிச் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர். அவர்தான் முன்னிலை, ஆனால் யாருக்கும் பாதிக்கு மேல் வரவில்லை. அப்படி வந்தால் சட்டமன்றம் கூடித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது வெர்மாண்ட் அரசியலமைப்பு. 2025 ஜனவரியில், ஜுக்கர்மன் தன் வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கழித்த அதே கட்டடத்தில், ரகசிய வாக்கெடுப்பில், ரோட்ஜர்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள்.

மறுபடி ஓக்லாந்துக்கு வருகிறேன், கேட்டதில் ஒரு பகுதி பாக்கி இருக்கிறது: ஆடி பாக் மாதிரி இன்னொருவர் இனி வர முடியுமா? கலிபோர்னியா 2010 ஜூனில் ஒரு மக்கள் வாக்கெடுப்பு நடத்தி விதியை மாற்றிவிட்டது. இப்போது கட்சி எதுவானாலும் முதல் சுற்றில் அதிக வாக்கு வாங்கிய இரண்டு பேர்தான் அடுத்த சுற்றுக்குப் போவார்கள், இடைத்தேர்தலிலும் அப்படித்தான். அந்த விதி 1999இல் இருந்திருந்தால் மார்ச் 30ஆம் தேதி வாக்குச்சீட்டில் ஹாரிஸ், ருஸ்ஸோ என்ற இரண்டு ஜனநாயகக் கட்சிக்காரர்கள் மட்டும் இருந்திருப்பார்கள். ஓக்லாந்து, அலமீடா, பீட்மாண்ட் மூன்று ஊரிலும் யாரும் ஆடி பாக் என்ற பெயருக்குப் பக்கத்தில் குத்தியிருக்க முடியாது.